ஆளுக்கொரு வாய், ஒரே ஒரு நாற்காலி

வீடு கட்டினால் நாலு பேர் யோசனை சொல்வார்கள். பல் ஆஸ்பத்திரி வைத்தால் பல் உள்ள அத்தனை பேரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பல்லே இல்லாத என் அம்மாவும் சொன்னார். "செருப்பு விடுற எடத்தை நல்லா உள்ள தள்ளி வைங்கடா. எடுத்துக்கிட்டு ஓட முடியாத மாதிரி." வந்து குவிந்த யோசனைகளிலேயே நோயாளியின் மனசு தெரிந்து சொன்னது அது ஒன்றுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் பி.டி.எஸ். முடித்துச் சில வருஷம் பிறருடைய கிளினிக்குகளில் பல் பிடுங்கிவிட்டு, இனி சொந்தமாகப் பிடுங்குவது என்று முடிவெடுத்தாள். உறையூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளம் அமைந்தது. முன்பு ஜெராக்ஸ் கடை இருந்த இடம். கடன் மகள் பெயரில், ஜாமீன் என் பெயரில், யோசனை சொல்லும் உரிமை மட்டும் இரண்டு பக்கத்துச் சொந்தபந்தம் முழுவதுக்கும்.

முதலில் தரை. பல் டாக்டரின் நாற்காலி உட்காரும் சாமான் இல்லை. ஒரு சின்னப் பட்டறை. அதற்குக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும், துப்பியதும் உறிஞ்சியதும் போக வடிகால் வேண்டும். நான்கும் தரைக்கு அடியிலேயே வந்து நாற்காலியின் காலடியில் ஒரே இடத்தில் தலைகாட்ட வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் பதித்துவிட வேண்டும். கொத்தனார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேருக்கு எதுக்குங்கய்யா தண்ணி? செடியா அது?"

நாற்காலி எங்கே வரும் என்று பார்க்க மகள் என்னையே தரையில் படுக்க வைத்தாள். சாதாரணமாக வேலை செய்யும்போது டாக்டர் நோயாளியின் தலைமாட்டில், கடிகாரத்தில் பத்து பதினொரு மணி இருக்கும் இடத்தில் உட்காருவார். உதவிக்கு நிற்கும் பெண்ணுக்கு இரண்டு மூன்று மணிப் பக்கம். பன்னிரண்டு மணி என் உச்சந்தலை. இதையெல்லாம் சாக்பீஸால் என்னைச் சுற்றிக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் இறங்கி வந்தார். சுற்றிலும் கோடு, நடுவில் நான், கண்ணை மூடியபடி. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் யோசனை அவர் முகத்தில் ஒரு கணம் தெரிந்தது.

படுக்க வைத்ததும் திசைப் பிரச்சினை கிளம்பிவிட்டது. வடக்கே தலை வைக்கக் கூடாது என்றாள் என் மனைவி. ஆயுள் குறையுமாம். பல்லைக் காட்ட வருகிறவர் அரை மணி நேரம் படுப்பதில் எவ்வளவு ஆயுள் குறைந்துவிடும் என்று நான் கணக்குக் கேட்டது எடுபடவில்லை. வாஸ்து பார்ப்பவர் வந்தார். தெற்கே தலை, வடக்கே கால், வடக்குச் சுவரில் ஜன்னல் என்றார். அதிசயம், மகள் சரி என்று சொல்லிவிட்டாள். பல்லின் நிறம் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் நல்லது. நேர் வெயில் அதிகம் விழாமல் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எந்தக் காரணத்துக்காகச் சரி என்றாள் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் தட்சணையோடு எழுந்துபோனார்.

கம்ப்ரசர் விஷயத்தில் மட்டும் நான் யாரையும் பேச விடவில்லை. முப்பது வருஷம் அதன் சத்தத்தில் வாழ்ந்தவன். எண்ணெய் போடாத ரகம்தான் வேண்டும் என்றாள் மகள். காற்றோடு துளி எண்ணெய் வந்தாலும் பல்லில் வைக்கும் சிமெண்ட் ஒட்டாதாம். அந்தக் காற்றில்தான் துளைபோடும் கருவி சுற்றுகிறது. 1957-இல் அமெரிக்காவில் ஜான் போர்டன் என்ற பல் மருத்துவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஏரோட்டார் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றியது. பொன்மலையில் எங்கள் லேத் ஆயிரத்தைத் தாண்டினாலே ஃபோர்மேன் எட்டிப் பார்ப்பார். மூன்று லட்சத்தை ஒரு மனிதனின் வாய்க்குள் விட்டுவிட்டு "ரிலாக்ஸா இருங்க" என்று சொல்லும் துணிச்சல் என் மகளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. கம்ப்ரசரை மொட்டை மாடியில் வைத்து, அடியில் ரப்பர் மெத்தை போட்டு, கூண்டும் கட்டினோம். ஹவுஸ் ஓனரம்மா வடாம் காயப்போடும் மூலையை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு ஆயுள் முழுக்க இலவசமாகப் பல் சுத்தம் என்று வாய்மொழி ஒப்பந்தம்.

எக்ஸ்ரே பெட்டி வந்தபோது வீட்டில் பீதி. விரல் நகம் அளவு பல்லைப் படம் எடுக்கும் அந்தப் பெட்டியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெயரைப் படித்ததும் மனைவி கேட்டாள், "கூடங்குளத்துக்கும் இவங்கதானே?" அவர்களேதான். கூடங்குளத்துக்கு அடுத்தபடியாக உறையூர் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள்; பெருமையாகவா பயத்தோடா என்று எனக்குப் பிடிபடவில்லை. 1896 ஜனவரியில், எக்ஸ்ரே பற்றிய செய்தி வெளிவந்த சூட்டோடு, ஜெர்மனியில் வால்காஃப் என்பவர் தன் பல்லைத் தானே படம் எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து நிமிடம் கதிரில் அசையாமல் இருந்தாராம். இன்றைக்கு ஒரு நொடிக்கும் குறைவு. அந்த ஒரு நொடியிலும் தலையை ஆட்டுகிறவர்கள் நம் ஊரில் உண்டு.

இனி நிறம். மற்ற எல்லாம் ஒரு வாரம் என்றால் நிறம் ஒரு யுகம்.

செயற்கைப் பல் வைப்பதற்கு முன் இருக்கிற பல்லின் நிறத்தோடு ஒப்பிட, பற்களைச் சீப்புபோல வரிசையாகக் கோத்த ஒரு பட்டை இருக்கிறது. விட்டா என்ற ஜெர்மன் கம்பெனியின் பட்டையில் பதினாறு நிறங்கள். 'ஏ' வரிசை சிவந்த பழுப்பு, 'பி' சிவந்த மஞ்சள், 'சி' சாம்பல், 'டி' சிவப்போடிய சாம்பல். வெள்ளை என்று ஒரு வரிசையே அதில் கிடையாது! பல் வெள்ளை என்று இத்தனை காலம் நம்பியிருந்தவனுக்கு இது ஓர் இடி.

சுவரில் அடர்த்தியான நிறம் இருந்தால் கண் அதில் சலித்து, அடுத்துப் பார்க்கும் பொருளில் எதிர்நிறத்தை ஏற்றிவிடும். பச்சைச் சுவரைப் பார்த்துவிட்டுப் பல்லைப் பார்த்தால் பல்லில் லேசாகச் சிவப்பு ஓடும். ஆகவே சிகிச்சை அறைக்கு வெளிர் சாம்பல்தான் என்றாள் மகள்.

"சாம்பலா?" என்று எழுந்தாள் என் மனைவி. "திறப்பு விழா அன்னைக்கே சாம்பலா? மங்களகரமா மஞ்சள் அடி."

"மஞ்சச் சுவருக்கு முன்னாடி எந்தப் பல்லும் வெள்ளையாத்தாம்மா தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுதானே? சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க."

இன்டீரியர் செய்ய வந்த தம்பி, ஆஸ்பத்திரி என்றாலே பச்சைதான் சார் என்றார். அதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரின் கூச்சம் தாங்காமல் தன் அறுவை அரங்குக்குக் கீரைப் பச்சை அடித்தார். ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பச்சை ஓய்வு. வயிற்றைக் கிழிக்கிறவருக்குச் சரி. கடைவாய்ப் பல்லுக்கு உறை போடுகிறவளுக்கு அதே பச்சை எமன். கடைசியில் பெயின்ட் கடையில் 'வெள்ளிச் சாம்பல்' என்று சொல்லி வாங்கினோம். 'வெள்ளி' என்ற அடைமொழியால் மனைவி சமாதானமானாள். கல்லாப்பெட்டி இருக்கும் சுவர் மட்டும் மஞ்சள்.

அந்த இன்டீரியர் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப்பில் கிளினிக்கை முப்பரிமாணத்தில் சுற்றிக் காட்டினார். சோபாவில் ஓர் அழகான பெண் காபி குடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் மூங்கில் செடி. கன்னம் வீங்கியவர் ஒருவரும் இல்லை. துண்டால் தாடையைக் கட்டியவர் இல்லை. குழந்தையைத் தரதரவென்று இழுத்துவரும் தாய் இல்லை. "காபி குடிக்கிறவங்க எதுக்குத் தம்பி இங்க வரணும்?" என்றேன். "அது ஸ்கேலுக்கு சார்," என்றார். எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக ஒரே 'தீம்' என்றவரிடம், மகள் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று குப்பைக் கூடைகளைக் கொண்டுவந்து வைத்தாள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொன்ன நிறங்கள். ஊசிக்கு வெள்ளையாக ஒரு டப்பா. பிடுங்கிய பல் மஞ்சளில். தம்பியின் முகம் எதில் போடுவது என்று தெரியாத நிறத்துக்குப் போயிற்று.

பெயர்ப்பலகைக்கு என் மைத்துனர் தலைமை தாங்கினார். எங்கள் இளவயதில் பல் வைத்தியர் பலகை என்றால் ரோஜா நிற ஈறோடு முழு பல்செட்டே சிரிக்கும். சென்னைக்குப் போனால் சீனப் பல் வைத்தியர்களின் பலகைகளையும் பார்க்கலாம். அது மாதிரி ஆளுயரத்துக்கு, இரவில் மின்னும் பல் ஒன்று வேண்டும் என்றார். "வலியே இல்லை" என்று கீழே எழுதவும் சொன்னார். அமெரிக்காவில் பார்க்கர் என்று ஒரு பல் டாக்டர் இதையே செய்தார். தெருவில் பேண்டு வாத்தியம் வைத்துப் பல் பிடுங்கினார்; அலறல் வெளியே கேட்காது. பிடுங்கிய பற்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வலியில்லா என்று விளம்பரம் செய்ததற்குத் தகராறு வந்ததும், 1915-இல் தன் பெயரையே சட்டப்படி 'பெயின்லெஸ்' பார்க்கர் என்று மாற்றிக்கொண்டார். மைத்துனர் கேட்டுவிட்டு, "பாப்பாவுக்குப் பேரை மாத்தறது கஷ்டமா?" என்றார். டாக்டர்கள் விளம்பரம் செய்துகொள்ள நெறிமுறை இடம் தராது என்று மகள் சொன்ன பிறகுதான் விட்டார்.

விட்டார் என்றால், சுவருக்குத் தாவினார். வரவேற்பறையில் 'ஆலும் வேலும்' பழமொழியைப் பெரிதாக எழுதிவிடலாம் என்றார். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் வேலங்குச்சி ஒடித்துக்கொண்டால் கடனை யார் அடைப்பது?

மீன் தொட்டி மட்டும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. பல் அறுவைக்குக் காத்திருப்பவர்கள் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பதற்றம் குறைகிறது என்று 1984-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எனக்கு அதைவிட வேறொன்று பிடித்தது. நாள் முழுக்கச் சொல்லாமலே வாயைத் திறந்து திறந்து காட்டும் நோயாளிகள் அவர்கள்.

திறப்பு விழாவுக்கு வந்த பரிசுகளில் பாதி சுவர்க் கடிகாரம், மீதி பிள்ளையார். காத்திருக்கும் அறையில் கடிகாரம் வைப்பது டாக்டர் தனக்கே வைத்துக்கொள்ளும் சூனியம் என்று மகள் எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பிள்ளையார்களை அனுப்ப முடியுமா? வரிசையாக மேஜையில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரு கொம்பு ஒடிந்திருக்கிறது. பல் ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது நன்றாகவா இருக்கிறது என்று வந்தவர்களில் ஒரு பெரியவர் நியாயமாகவே கேட்டார்.

கடைசியாக மிஞ்சியது சீலிங். மகள்தான் கிளப்பினாள். "அப்பா, இவ்வளவு பேர் சுவரைப் பத்திப் பேசினாங்க. படுத்திருக்கிறவங்க சுவரையா பார்ப்பாங்க?" உண்மை. அத்தனை அலங்காரமும் நிற்கிறவர்களுக்கு. படுத்தவருக்கு மிச்சம் ஒரு விளக்கு, ஒரு முகமூடி, மேலே ஜிப்சம் பலகை.

உடனே புது அலை. மேகம் வரையலாம் என்றார் இன்டீரியர் தம்பி. டி.வி. மாட்டலாம் என்றார் பெங்களூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை. ஸ்ரீரங்கம் ரங்கநாதர் படம் ஒட்டலாம் என்றார் மைத்துனர்; படுத்திருக்கிறவருக்குப் படுத்திருக்கிற பெருமாள்தானே துணை? பெருமாளைப் பார்த்து வாயைப் பிளந்து எச்சில் வழிய விடுவதா என்று என் மனைவி. எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள் என்று நான். என் மகள் சண்டை போடவில்லை. "ஒவ்வொருத்தரா படுத்துப் பார்த்துச் சொல்லுங்க," என்றாள்.

முதலில் மைத்துனர். சாய்ந்தார். விளக்கு எரிந்தது. "மாமா, எந்த எடத்துல படம் வேணும்?" அவர் "ஆ..." என்று சுட்டிக்காட்டத் தொடங்கியதும் கண்ணாடி வைத்த கம்பி உள்ளே போய்விட்டது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஈறு வீக்கம், காரை சுரண்ட வேண்டும். இன்டீரியர் தம்பிக்கு ஞானப்பல் குறுக்கே கிடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் யோசனை சொல்ல ஆளில்லை. மாப்பிள்ளைக்குக்கூட பெங்களூரில் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

மைத்துனர் மட்டும் தப்ப முடியவில்லை. உள்ளூர்க்காரர், வலி வேறு கண்டுவிட்டது. வேர் சிகிச்சைக்கு வந்தார். முதல் தடவை முடிந்து, பாதி வாய் மரத்துப்போய் வெளியே வந்து உட்கார்ந்தவரிடம் அருகில் போய்க் கேட்டேன்.

"சீலிங்குல என்ன வச்சா நல்லா இருக்கும்?"

"யாரு அத்தான் பார்த்தா? உள்ள போனதுலேர்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்." மரத்த உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கைப்பிடி இருக்கு பாருங்க, அது ஆடுது. முதல்ல அதுக்கு ரெண்டு போல்ட் போடுங்க."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உண்மையிலேயே ஆடியது.