கால் டாலர் கழகம்

நம்மாள் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் போக்கர் சில்லு வரும். சோபாவில் சாய்வதற்குள் உள்ளங்கையில் ஒன்றை வைத்து, நம் விரல்களை அவரே மடக்கிவிடுவார். "கண்ணை மூடிக்கிட்டு எடை பாருங்க பாஸ்." பார்ப்போம். "பத்து கிராம். ஒண்ணேகால் சவரன்!" பிறகு இரண்டு சில்லுகளை நம் காதோரம் தட்டுவார். "கேட்டுச்சா?" 'டக்' என்று கேட்டதாகச் சொன்னால் முகம் வாடிவிடும். "டக் இல்ல பாஸ், டிக். டக்குன்னா அது மட்டமான சரக்கு."

டாலஸை ஒட்டிய ப்ளேனோவில் இருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள், சனிக்கிழமை இரவு வீட்டில் போக்கர். நன்றாக ஆடுவாரா என்று கேட்டுவிடாதீர்கள். ராஜா ஜோடி கையில் வந்தாலும் ஃபோல்ட் பண்ணிவிடுவார். ஆடினால் அடுக்கி வைத்த சில்லு கலைந்துபோகுமே!

இவரை நீங்கள் வேறு வேடத்தில் பார்த்திருப்பீர்கள். மட்டைக்கு மாதக்கணக்கில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, பதினோராவது ஆளாக இறங்குவாரே, அவர்தான். கேரம் பலகையைப் பவுடர் போட்டு கண்ணாடியாக்கிவிட்டு, ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளுபவரும் இவருக்குப் பங்காளி. ஆட்டம் இவர்களுக்கு ஒரு சாக்கு. ஆட்டச் சாமான்தான் மூலவர்.

தொடக்கத்தில் நாங்கள் ராஜ்மா வைத்து ஆடினோம். பிறகு கடையில் விற்கும் பதினொன்றரை கிராம் பிளாஸ்டிக் சில்லு, உள்ளே இரும்புத் துண்டு, மேலே பகடைப் படம். அதில் என்ன குறை என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. "இது ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கு பாஸ்" என்றார். அன்று பிடித்தது பீங்கான் பித்து: நம் விருப்பப்படி படம் அச்சிட்டுத் தரும் செராமிக் சில்லு.

பீங்கான் என்கிறார்களே தவிர அதில் பீங்கான் கிடையாது. பிசின் போன்ற ஒருவகை பிளாஸ்டிக். இதைச் சொன்னபோது, "நாய்க்குடையை நாயா பிடிக்குது?" என்று மடக்கினார். அச்சிடும் முறையைக் கற்பூரத்தை வைத்து விளக்கினார். கற்பூரம் எப்படி உருகாமல் நேரே ஆவியாகிறதோ, அப்படியே அந்த மையும் சூட்டில் ஆவியாகிச் சில்லின் மேற்பரப்புக்குள் புகுந்துகொள்ளும். அதனால் எழுத்து எளிதில் அழியாது. முகம் முழுக்க அச்சிடலாம், விளிம்பிலும் அச்சிடலாம். 39 மில்லிமீட்டர் அகலம், மூன்று மில்லிமீட்டர் சொச்சம் கனம். அந்த இடத்துக்குள் தன் வாழ்நாள் கனவு மொத்தத்தையும் இறக்க முடிவு செய்தார்.

முதலில் பெயர். நடுவில் 'சனிக்கிழமைக் கழகம்' என்று போட வேண்டும் என்றார். "எந்தக் கழகம்?" என்று நான்கு பேர் நான்கு கட்சிப் பார்வையோடு கேட்டார்கள். "திருக்குறள் 94ஆம் அதிகாரத்தைப் பாருங்க. வள்ளுவர் சூதாடுற இடத்தைத்தான் கழகம்ங்கிறார்." அவர் மனைவி சமையலறையிலிருந்தே கேட்டார்: "அந்த அதிகாரத்துல மத்ததெல்லாம் படிச்சீங்களா?"

அடுத்தது எண்கள். 1, 5 என்று போட்டால் என்ன தனித்துவம்? தமிழ் எண்தான். ஒரு டாலருக்கு ௧, ஐந்துக்கு ௫, நூறுக்கு ௱. கால் டாலருக்குப் பழைய கணக்கில் உள்ளபடி 'வ'. இருபத்தைந்தில் தகராறு வந்தது. முறைப்படி ௨௰௫ என்று பத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்றது ஒரு கட்சி. இக்கால வழக்கில் ௨௫ போதும் என்றது இன்னொன்று. போக்கர் ஆட வந்த ஐவர் இரவு ஒருமணி வரை இலக்கணம் பேசினோம். சீட்டுக்கட்டு உறையை விட்டு வெளியே வரவில்லை.

நிறத்தில் மட்டும் அவர் மரபு மீறவில்லை. வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு என்பது அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் வழக்கம். கால் டாலருக்கு அப்படித் தீர்மானமான நிறம் இல்லாததால் மூன்று வாரம் தவித்தார். கடைசியில் மனைவியின் பட்டுப்புடவையைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் விரித்து 'மயில்கழுத்து' என்று முடிவானது. திரையில் மின்னிய மயில், மாதிரிச் சில்லில் வேகவைத்த கத்தரிக்காய் நிறத்தில் வந்து சேர்ந்தது. வெளிச்சத்தால் காட்டும் நிறம் வேறு, மையால் வரும் நிறம் வேறு என்பதை அந்த அச்சகம் மூன்று மின்னஞ்சலில் விளக்கியது. நம்மாள் ஒன்பது மின்னஞ்சலில் பதில் சொன்னார்.

அச்சுக்கு முன் ஒப்புதலுக்கு வந்த படத்தில் அடுத்த அடி. 'கிழமை'யில் ம-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு, அச்சகத்து மென்பொருளின் புண்ணியத்தில் பின்னால் போய்த் தனியே நின்றது. பந்திக்கு முந்தாமல் கைகழுவும் இடத்தில் நிற்கும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டுப் படமாக மாற்றி அனுப்பினால் உடையாது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் அவர் மனைவி எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான்: "எங்க கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபை இவர் பார்க்கவே இல்ல. அதுல எங்கப்பா பேரே தப்பு."

பிறகு எண்ணிக்கை. வ 200, ௧ 300, ௫ 200, ௨௫ 50, ௱ 50. ஆக 800 சில்லு, முகமதிப்பு 7,600 டாலர். நாங்கள் ஆளுக்கு இருபது டாலர் போட்டு ஆடுகிறவர்கள். "நூறு டாலர் சில்லை யார் தொடப்போறா?" என்றேன். "தொட வேண்டாம் பாஸ். பெட்டியில இருக்கணும். வீட்ல வெள்ளிக் குத்துவிளக்கு இல்லையா?" ஊரிலிருந்த அம்மாவிடம் எண்ணூறு சிப்ஸ் ஆர்டர் செய்திருப்பதாகச் சொன்னபோது அவர், "ஏதாவது விசேஷமாப்பா? நேந்திரமா, உருளையா?" என்று கேட்டாராம்.

விலைதான் வேடிக்கை. எந்தச் சில்லானாலும் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் ஆனது. அதாவது கால் டாலர் சில்லு ஒன்றை உருவாக்க ஒரு டாலர். ஒரு சென்ட் நாணயத்தை அடிக்க மூன்றரை சென்டுக்கு மேல் ஆகிறது என்று அமெரிக்க அரசே 2025 நவம்பரில் அதைப் புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்திக்கொண்டது. நம்மாள் நிறுத்தவில்லை.

வசூலிக்கவும் வழியில்லை. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 47.02ஆம் பிரிவின்படி, தனியிடத்தில் ஆடலாம், ஆடி ஜெயித்ததை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒருவருக்கும் ஆதாயம் இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் மேசையிலிருந்து கமிஷன் எடுத்தால் குற்றம். அவர் எடுக்கப்போகிறாரா? சமோசா, பிரியாணி, சில்லு எல்லாம் அவர் செலவு. அந்தப் பிரிவுக்கு டெக்சஸில் கோயில் கட்டினால் மூலவராக இவரை உட்காரவைக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. 800 சில்லு என்பது பத்துப் பேருக்கான கணக்கு. ஒருகாலத்தில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஒருவர் சியாட்டிலுக்கு மாறினார், ஒருவருக்கு இரட்டைக் குழந்தை, ஒருவருக்குச் சனிக்கிழமை மகளின் பரதநாட்டியம். இப்போது ஐந்து பேர் வந்தால் பெரிய கூட்டம். இரண்டு மாதமாக வாட்ஸப் குழுவில் பிறந்தநாள் கேக் படத்தைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. இதைச் சொன்னேன். "வருவாங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு விளிம்புக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

பெட்டி வந்த நாளில் என்னை அழைத்திருந்தார். சமையல் மேடையின் கருங்கல்லில் ஒவ்வொரு சில்லாக வைத்துச் சுண்டுவிரலால் லேசாகச் சுண்டினார். தட்டையான சில்லு உரசிக்கொண்டு நின்றுவிடும். நடுவில் ஒரு மயிரிழை வயிறு உப்பியிருந்தால் அது பம்பரமாகச் சுற்றும். எண்ணூறையும் சுண்டினார். மூன்று சுற்றின. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எட்டுப் பேர் வந்தோம், குடும்பத்தோடு. சில்லைப் பார்க்க. ஆட்டம் தொடங்கியதும் மேசை திண்ணைப் பள்ளிக்கூடமாகிவிட்டது. "நான் ஒரு வ." "மேல ரெண்டு க." "எல்லாத்துலயும் ரூபாய்னு போட்டிருக்கே, எத்தனை ரூபாய்?" "அது ரு இல்லடா, அஞ்சு." இருபத்தைந்தை 'உரு' என்று படித்த ஒருவர், ஒரு ரூபாய் என்று நினைத்து அள்ளிப் போட்டார். பிள்ளையார் சுழி போட்ட சில்லைச் சூதில் வைக்க மாட்டேன் என்றார் இன்னொருவர். எங்களில் ஓர் ஆந்திர நண்பர் இருந்தார். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து என்று நிறத்தைப் பார்த்து நிம்மதியாக ஆடி, எங்கள் எல்லோரையும் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

இரவு ஒன்றரைக்குக் குழுவில் செய்தி வந்தது: "ஒரு வ-வைக் காணோம். 799தான் இருக்கு."

செத்துக் கிடந்த குழு எழுந்து உட்கார்ந்தது. கார் இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்த படம், கவிழ்த்த ஷூக்களின் படம், "என் பையன் முழுங்கலை, கேட்டுட்டேன்" என்று ஓர் உறுதிமொழி. சியாட்டில்காரர்கூட, "நான் எடுக்கலை" என்று போட்டார். இரண்டு நாள் ஓயவில்லை.

செவ்வாய்க்கிழமை என் மகளின் தமிழ்ப்பள்ளிப் பையில் கிடைத்தது. "இதுல வ இருக்குப்பா. இந்த வாரம் மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். எனக்குத் தெரிந்து அந்தச் சில்லைச் சரியாகப் படித்த ஒரே ஆள்.

உடனே நம்மாளை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டு, நாளைக்கே தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன். மறுமுனையில் சில்லுகளை அடுக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"தபால்லயா? வேணாம் பாஸ், வேணாம். சனிக்கிழமை எட்டு மணிக்கு நேர்லயே கொண்டாந்துடுங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. குழுவுல மட்டும், கிடைச்சிடுச்சுன்னு இப்போ போட்டுடாதீங்க."