ஊவாத் திணையியல்

ஒரு நிலத்தை வகுத்தால் அதன் தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில் எல்லாவற்றையும் கூடவே வகுத்துவிட வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய வழி. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளையில் தேயிலை முளைக்கப்போவதை அவருக்கு எவரும் சொல்லாததால், மலை நிலத்தைக் குறிஞ்சியோடு முடித்துவிட்டார். எஞ்சியதை இவ்வியல் உரைக்கும். ஊவாத் திணைக்கு உணவு ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். விலங்கு அட்டை, குளவியைப் பறவையில் அடக்குவாரும் உளர். பறை, விடியுமுன் ஆட்களை வேலை பிரிக்கும் பிரட்டுக்குக் கூப்பிட்ட தப்பு. பெரும்பொழுது, கச்சான் காற்றடித்துக் கொழுந்தில் மணம் ஏறும் ஆடியும் ஆவணியும். கப்பலேறிய பெட்டிகளில் ஊவாவின் பெயர் நின்றது அந்த மணத்தால்தான்.

தெய்வத்தில்தான் சிக்கல். மலைக்குரிய முருகன் இதே மாகாணத்தில், கதிர்காமத்தில் இருக்கிறான். ஆனால் அவனைப் பார்க்கப் போனால் அன்றைக்குச் சம்பளக் கணக்கில் பேர் விழாது. ஆகவே அன்றாட அலுவலுக்குச் சின்னச் சாமிகளை வேலைவாரியாக அமர்த்திக்கொண்டார்கள். கொழுந்து மலைக்குக் கொழுந்துச்சாமி. தூர் வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச்சாமி. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் சக்கரம் சுழலும் இடத்துக்கு ரோதமுனி. இந்த நியமனங்களை உற்றுப் பார்த்தால் ஒரு விதி புலப்படும்: எங்கே கால் வழுக்குமோ, எங்கே விரல் போகுமோ, அங்கே ஒரு சாமி. ஆபிசுக்குச் சாமி கிடையாது. பேர்க் கணக்கான செக்ரோல் எழுதும் பேனாவால் ரத்தம் வராது என்று நம்பியிருக்கிறார்கள், பாவம். தொழிலை வகுப்பதில் இது முதல் மதம். வேலையை ஆபத்தால் வகுப்பது.

இரண்டாம் மதத்தார் எடையால் வகுப்பர். இதன் ஆசிரியர் கம்பனி. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்கள், நட்டம் தாளாமல், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பிறகு 53 ஆண்டுக் குத்தகையும் வந்தது. இம்மதத்தின் நுட்பம் முழுவதும் திரண்டிருப்பது 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில். ஒரு நாளுக்கு 730 ரூபாய் என்று சொல்லி, அதை அது நான்கு கூறாக்கிற்று: அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு 30. இதன் உரையாவது: வேலைக்கு வந்தால் 500. வந்ததற்காக இன்னும் 60. ஆனால் வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசியாவது வந்திருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தவரும் கதிர்காமத்துக்கு நடந்தவரும் இங்கே ஒரே வகுப்பு. கிலோக்கணக்கைத் தொட்டவருக்கு 140. ஆக, 730 என்பது மேடையில் ஒலித்த எண்; கையில் விழுந்தது பலருக்கு வேறு. 2019இல் வருகையும் திறனும் நீங்கி 700உம் 50உம் ஆயின. 2021இல் சம்பளச் சபை 900உம் 100உம் சேர்த்து ஆயிரம் என்றது. 2024இல் அடிப்படை 1,350.

மீட்சி முன்பே விதிக்கப்பட்டதா என்ற பதற்றத்தில் கால்வினியர் ஓயாமல் உழைத்ததும் முதலாளியத்துக்கு உரமாயிற்று என்று மாக்ஸ் வேபர் நூறாண்டுக்கு முன் எழுதினார். அவர் பசறைப் பக்கம் வந்திருந்தால் இன்னும் கடுமையான சமயமொன்றைக் கண்டிருப்பார். இங்கே கூடையை நிறுத்த பிறகுதான் அன்றைக்கு உழைத்தோமா என்பதே தெரியும். பதினெட்டுக் கிலோ கேட்ட இடத்தில் பதினான்கு என்றால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்தப் பதினான்கிலும் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்ததை உரையாசிரியர்கள் விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து நிரையில் நின்றவள் முழு ஆள்தான். எழுதப்படாத அரை ஆள் எந்த வகையைச் சேர்ந்தவள் என்று இம்மதத்து நூல்களில் தேடினேன்; இல்லை. மழை பொய்த்ததும் உரமில்லாமல் தூர் மெலிந்ததும் தராசுக்குத் தெரியாது.

மூன்றாம் மதம் தொழிற்சங்கத்தாருடையது, சந்தாவால் வகுப்பது. இதன் உட்பிரிவுகளைக் கொடியின் நிறத்தால் அறிக.

இந்த மூன்றுக்கும் அடங்காதது மீரியபெத்தை. பகடி உரையில் இதை வைக்க மனமில்லை. விட்டால் உரை பொய்யாகும். கொஸ்லந்தைக்கு அருகே 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடிற்று. கோயிலும் போயிற்று. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், சிலர் பெற்றோரை இழந்தார்கள். அந்த இடம் ஆகாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. லயத்தில் குடியிருப்பது வேலை என்று எந்த மதமும் எண்ணவில்லை. எனவே அதற்குக் கிலோவும் இல்லை, தனிச் சாமியும் இல்லை. ஆனால் விடிந்ததும் பிரட்டில் ஆள் நிற்க வேண்டும் என்றுதான் லயங்களை மலையிலேயே கட்டினார்கள். குடியிருந்ததும் தோட்டத்துக்குச் செய்த வேலைதான் என்பது என் துணிபு.

இப்போது நான்காம் மதம் ஒன்று பரவுகிறது: வெளிவாரி முறை. தூர்களைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக் கொடுத்துவிட்டு, கொழுந்தைக் கிலோ விலைக்குக் கம்பனி வாங்கிக்கொள்ளும். எடுத்துக்கொண்டவருக்குத் தொழில்முனைவோர் என்று மேடைகளில் பட்டம். அவருக்கு முழுப்பேர் இல்லை, அரைப்பேரும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை, காணியும் அவருடையதல்ல. தொழிலாளி என்று கணக்கில் சேர்க்க முடியாது, முதலாளி என்று சொன்னால் அவரே சிரிப்பார். உரமும் மருந்தும் கம்பனி தந்து கொழுந்துப் பணத்தில் கழித்துக்கொள்ளும். கணவன் கவ்வாத்து வெட்ட, மனைவி கொழுந்தெடுக்க, இரண்டு சாமிகளும் ஒரே வீட்டுப் பொறுப்பில் வந்துவிட்டன. படையலுக்குச் சேவல் அவர்கள் செலவு. ஸ்டோர் மட்டும் இன்னும் கம்பனியிடம் இருக்கிறது. ரோதமுனிக்குப் படையல் யார் கணக்கு என்பது பற்றி ஒப்பந்தத்தில் வாசகம் ஏதும் இல்லை.