சூரசம்ஹாரம் இல்லாத ஊர்

முருகனின் மற்றப் படைவீடுகளில் ஐப்பசி சஷ்டியன்று சூரசம்ஹாரம் அமர்க்களப்படும். திருத்தணியில் மட்டும் அது கிடையாது. சண்டையெல்லாம் முடித்துக் கோபம் தணிந்து வந்து அமர்ந்த மலை என்பதால் அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலிதான். ஆகவே, பணி ஓய்வுக்குப் பிறகு வீடு கட்டிக் குடிவந்த கையோடு, பின்பக்கத்துப் புதர்க்காட்டைப் பார்த்து ஜேசிபிக்காரர், "அரை நாள்ல வழிச்சி உட்டுட்றேன் சார்" என்றபோது, நான் வேண்டாம் என்றதற்குத் தலபுராண ஆதாரமே இருக்கிறது. என் மனைவி மட்டும் அதற்குச் சோம்பேறித்தனம் என்று வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

பறவைக்கும் பூச்சிக்கும் இடம் கொடுக்கும் தோட்டம் போட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன் நான் வளர்த்தது மணி பிளான்ட் மட்டுமே. அதையும் வளர்த்தேன் என்று சொல்வது செடிக்குச் செய்யும் துரோகம், அது தானாக வளர்ந்தது. மனையோ யாரும் கை வைக்காமல் பல வருடம் கிடந்தது. எருக்கு, ஆவாரை, துத்தி, தும்பை, நாயுருவி, எல்லாவற்றுக்கும் மேலே கோவைக்கொடி. நடுநடுவே தெருக்காரர்கள் வீசிய உடைந்த சிங்க், ஒரு பழைய பிள்ளையார் காலண்டர்.

சம்ஹாரம் இல்லை என்ற கொள்கைக்கு இரண்டு விலக்கு வைத்தேன். ஒன்று, சீமைக்கருவேலம். விறகுக்கு ஆகுமென்று 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனான மரம். இன்னொன்று பார்த்தீனியம். 1950களில் பூனா பக்கம் கண்ணில் பட்டது, இன்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலும் பார்க்கலாம். அதைப் பூக்கும் முன்பே, கையில் உறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

கருவேலத்துக்கு நகரி பக்கத்திலிருந்து ஒருவர் கடப்பாரையோடு வந்தார். "சர்க்கார் தும்மா சார் இது. மேல வெட்னா நாலா வரும், வேரைத் தோண்டணும்" என்று தோண்டியும் கொடுத்தார். அந்த உற்சாகத்தில் அருவாளோடு எருக்கிடம் போனார்.

"இது?"

"இருக்கட்டும்."

"இந்தத் துத்தி?"

"அதுவும்."

"நாயுருவி சார், வேட்டியெல்லாம் ஒட்டும்."

"இருக்கட்டும்பா."

அருவாளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கட்டும்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கு சார் கூலி குடுத்து ஆள் கூப்புட்றே?"

எருக்கை நான் காப்பாற்றியதற்குக் காரணம் வெந்தய வரியன். ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு விளிம்பு வைத்த பட்டாம்பூச்சி. எருக்கிலையின் அடிப்பக்கத்தில் ஒன்றொன்றாக முட்டையிடும். புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு கட்சிக் கரைவேட்டி கட்டியது மாதிரி இருக்கும். முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. ஆடு கூட முகர்ந்துவிட்டுப் போகும் நச்சுப்பால் இலையை அது சாவகாசமாகத் தின்று, அந்த விஷத்தைத் தன் உடம்பிலேயே சேமித்து வைக்கும். ஒருமுறை அதைக் கொத்திப் பார்த்த குருவி மறுமுறை அந்தப் பக்கம் வராது. கூட்டுப்புழு பச்சை நிறத்தில் தொங்கும், அதன் மேல் பொன் புள்ளிகள் ஒரு வரிசை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் திருகாணி தேவைப்படாத நகை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புழு போட்டுக்கிற அளவுக்குக்கூட…" என்று ஆரம்பித்தாள். காதில் விழாத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்தது கறிவேப்பிலையில்தான். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி அந்தத் தளிரில் முட்டையிடும். குஞ்சுப் புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அது அதன் தற்காப்பு. வளர்ந்து பச்சையாகிவிட்டால் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், குப்பென்று ஒரு வாடை வரும். தாளிக்க இலை பறிக்கப் போன இடத்தில் அந்தக் கொம்பு நீண்டதும் எங்கள் வீட்டில் கேட்ட சத்தம் மலைக்கோயில் வரை போயிருக்கும். "ஏங்க, ரசத்துக்கு நாலு இலைக்கு நான் புழுகிட்ட மனு போடணுமா?" உடன்பாடு ஏற்பட்டது. வேரிலிருந்து கிளம்பிய கன்றைப் பிரித்து வேலியோரம் புழுவுக்கென்று தனிச்செடி. ஆனால் தாய்ப்பூச்சிக்கு வேண்டியது இளந்தளிர். தினம் ஒடிக்கிற சமையலறைச் செடியில்தான் தளிர் விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்றுவரை அது அங்கேதான் வருகிறது.

இங்கிலாந்தில் 'பிளான்ட்லைஃப்' என்ற அமைப்பு 2019இல் ஓர் இயக்கம் தொடங்கியது. மே மாதம் முழுவதும் புல்லை வெட்டாதீர்கள், காட்டுப் பூக்கள் பூக்கட்டும், தேனீக்கள் பிழைக்கட்டும் என்பது அதன் வேண்டுகோள். அருமையான யோசனை. திருத்தணியில் மே மாதம் வெட்டுவதற்குப் புல் இருந்தால்தானே? வெயில் பட்டியலில் வேலூரோடு போட்டி போடும் ஊர் இது. கத்திரியில் இங்கே தோட்டக்கலை என்பது, அகல மண்சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொள்வதுதான். அந்தச் சட்டிக்குத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுக் குளிக்கும். ஒன்று குளிக்க ஆறு அதட்டும்.

இனி எல்லைப் பிரச்சினை. ம.பொ.சி. திருப்பதியையும் சேர்த்துக் கேட்டுப் போராடியதும், நடுவர் படாஸ்கர் பரிந்துரைப்படி திருப்பதி இல்லாமல் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்ததும் ஊரறிந்த கதை. அந்தப் பாரம்பரியத்தில் என் கோவைக்கொடி காம்பவுண்ட் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் மாடிப்படிவரை உரிமை கோரியது. அவர் கத்தரிக்கோலோடு வந்தார். பழம் சிவந்து சின்னான் குருவிகள் கொத்துகிற சமயம். பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் என் மனைவிதான் படாஸ்கர்: சுவருக்கு மேல் இருப்பது எங்களுடையது, இறங்கியது அவருடையது. இரு தரப்புக்கும் திருப்தியில்லை என்பதால் நல்ல தீர்ப்பாகத்தான் இருக்க வேண்டும்.

சுவருக்கு மறுபக்கம் இருக்கும் அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. ஒரு காலைப் பொழுது "பாமு! பாமு!" என்று அவரும், "பாம்பு! பாம்பு!" என்று என் மனைவியும் கத்தினார்கள். பாம்பு இரண்டு மொழியையும் பொருட்படுத்தாமல் துத்திக்குள் போனது. சாரை. விஷம் கிடையாது, எலிதான் அதற்குச் சாப்பாடு. "சாரை இருந்தா அதைத் தேடிக்கினு நல்லபாம்பு வரும் சார், ரெண்டும் புருஷன் பொண்டாட்டி" என்றார் தெருமுனைக் கடைக்காரர். அப்படி எதுவும் இல்லை. சாரைக்கு ஜோடி சாரைதான். பின்னிக்கொண்டு எழும்பி ஆடுகிறதே என்றால், அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் வலிமை பார்ப்பது. இதை விளக்கிச் சொன்னேன். "அப்போ ரெண்டு சாரை இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து அவர் எங்கள் வாசல் பக்கமாகக் கடைக்கு வருவதில்லை.

குரங்குகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலையில் தேங்காய் மூடி கிடைக்காத நாளில் இறங்கி வருகின்றன. நான் கொய்யா நட்டேன், அவை சாப்பிடுகின்றன.

கடைசியாக வந்தது மயில். ஒரு ஆண், மூன்று பெட்டை. கரப்பான், ஓணான், புதிதாய் முளைத்த நாற்று என்று பேதமில்லாமல் கொத்தின. பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் ஆசையாய் வளர்த்த மிளகாய்ச் செடியை முடித்துவிட்டுத்தான் மறுபடி என் பக்கம் பறந்தன. அவர் நேராக வந்தார். "நீங்க காடு வளர்க்கப் போய்தான் சார் இதெல்லாம் வருது."

தேசியப் பறவை, 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், துன்புறுத்தினால் சிறை என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "சட்டம் எதுக்கு சார்? மலை மேல இருக்கிறவரு வண்டி அது. அதை யார் டோ பண்றது?"

காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "நம்ம ஊர்ச் சந்நிதிக்கு எதிர்ல நிக்கிறது மயில் இல்லீங்க அண்ணா, யானை. மயிலோட விட்டாரேன்னு சந்தோஷப்படுங்க."