பூனைக்குக் கண்ணீர், வரைந்தவனுக்குப் பட்டை நாமம்

1940இல் அமெரிக்காவில் யாரோ வரைந்த பூனையை 1998இல் கேபிள் டிவியில் பார்த்துவிட்டு, "இது தொண்ணூறுகளில் வளர்ந்த எங்க சொத்து" என்று பட்டா கேட்கிற கூட்டம் ஒன்று கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேக்கரி வாசலில் டீயும் தேங்காய் பன்னுமாக நிற்பார்கள். நாற்பதை நெருங்கும் வயது. ஒருவருக்குப் பட்டுக்கூடு வியாபாரம், ஒருவருக்கு ரைஸ் மில், இன்னொருவருக்குத் திருப்பூரில் பனியன் யூனிட். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா என்று ஆரம்பிக்கிற பேச்சு, எப்படியோ சுற்றி டாம் அண்ட் ஜெர்ரியில் போய் நிற்கும். "அந்த மாதிரியெல்லாம் இனி வருமாங்கண்ணா? இப்ப வர்றது பூராம் ஒரே கத்தல்" என்று ஒருவர் பெருமூச்சு விட, மற்றவர்கள் இழவு விசாரிக்க வந்தவர்கள் மாதிரி தலையாட்டுவார்கள்.

துக்கம் உண்மைதான். செத்தது யார், கொன்றது யார் என்பதுதான் இவர்களுக்குத் தெரியாது.

முதலில் பட்டாவைப் பார்ப்போம். டாமும் ஜெர்ரியும் தலைகாட்டிய முதல் படம் 1940 பிப்ரவரியில் வந்தது. அப்போது பூனைக்கு டாம் என்ற பெயர்கூடக் கிடையாது, ஜாஸ்பர். எம்.ஜி.எம். கம்பெனிக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எடுத்த 114 படங்கள் 1958 வரை வெளிவந்தன. எல்லாமே தியேட்டருக்கு எடுத்தவை. மெயின் படம் ஓடுமுன் நியூஸ் ரீலோடு சேர்த்து, பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் போட்ட ஏழெட்டு நிமிஷப் படங்கள். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்ததே 1995இல்தான். நம்மாட்கள் தங்கள் பால்ய காலம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வது, அவர்களுடைய அப்புச்சி காலத்துச் சரக்கு.

அந்த ஏழு நிமிஷம் சும்மா வந்துவிடவில்லை. விநாடிக்கு 24 ஃபிரேம். ஏழு நிமிஷத்துக்கு 10,080. இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனம் பிடித்தாலும் ஐயாயிரம் படம் வேண்டும். அதிலும் பூனை தனி, எலி தனி, பின்னால் தெரியும் வீடு தனி. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் தாளைப் பொருத்தி, முந்தைய படம் கீழே மங்கலாகத் தெரிய, மீசை இன்னும் எவ்வளவு நகர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அடுத்ததை வரைய வேண்டும். அதன் மேல் செல்லுலாய்டு தாளை வைத்து முன்பக்கம் மையால் கோடு. பிறகு திருப்பி, பின்பக்கம் வண்ணம். இந்தக் கோடும் வண்ணமும் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. படைப்பு வேலை எல்லாம் இளைஞர்களுக்கு, பெண்களுக்கு மையிட்டு வண்ணம் அடிக்கிற வேலைதான் என்று, வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு 1938இல் டிஸ்னி கம்பெனி பதில் போட்டது. அந்தக் கடிதத்தாளில் ஸ்நோ ஒயிட் படம் அச்சிட்டிருந்தது. ஸ்நோ ஒயிட்டுக்கு வண்ணம் அடித்ததும் அந்தப் பெண்கள்தான்.

திருப்பூர் பிரிண்டிங் யூனிட்டுக்குள் ஒரு நடை போய் வந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. குழந்தைச் சட்டையில் கார்ட்டூன் அடிக்க, ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். மஞ்சள் தள்ளுகிறவர் நாள் முழுக்க மஞ்சளே தள்ளுவார். கறுப்புக்காரர் கடைசியில் வந்து கண்ணைத் திறந்துவைப்பார். முகத்துக்கு உரிமைக்காசு கடல் தாண்டிப் போகும். கண் திறந்தவருக்குச் சனிக்கிழமை சம்பளம். யூனிட் அண்ணனுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்ப் பாடம். ஆனாலும் பேக்கரிக்கு வந்துவிட்டால், கார்ட்டூன் என்பது வானத்திலிருந்து குதித்தது என்றே பேசுவார்.

டாம் அண்ட் ஜெர்ரிக்கு ஏழு ஆஸ்கர். மேடையேறிச் சிலையை வாங்கியவர் தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பி. பூனையின் ஒரு மயிரைக்கூட வரைந்தவரில்லை. சுவரில் மோதி டாம் போடுகிற அலறல் இருக்கிறதே, நம் ரைஸ் மில்காரரின் ரிங்டோன், அது ஹன்னாவின் சொந்தத் தொண்டை. தொண்டைக்காரரை மேடைக்கு அழைக்கவில்லை.

1941 மே மாதம் டிஸ்னி ஸ்டூடியோ வாசலில் படம் வரைகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூஃபியை நடமாட வைத்த ஆர்ட் பாபிட், சங்கத்தில் முன்னால் நின்றதற்காக வேலையை இழந்திருந்தார். பஞ்சாலை வேலைநிறுத்தம் கண்ட கோயமுத்தூர்ச் சீமைக்கு இது அந்நியக் கதை இல்லை. ஆனால் பேக்கரியில் சொல்லிப் பாருங்கள். "ஏனுங், கார்ட்டூன்லயுமா யூனியன்?" என்பார்கள். குடித்த டீ கசந்துவிடும்.

சரி, சாவுக்கு வருவோம்.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய படத்தைக் காட்டி மற்ற படங்களையும் தியேட்டர் தலையில் கட்டுகிற வழக்கத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. பின்னாலேயே டிவி வந்தது. இதெல்லாம் எல்லாரும் சொல்கிற காரணம். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பழைய கார்ட்டூனைத் தூசு தட்டி மறுபடி தியேட்டருக்கு அனுப்பினால், புதிதாக எடுத்ததற்கு வருகிற வசூலில் ஏறக்குறைய அவ்வளவும் வருகிறது என்று எம்.ஜி.எம். கணக்குப்பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அப்புறம் எதற்குப் புதிது? 1957இல் ஒரு போன். ஸ்டூடியோவை மூடு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு. முடிந்தது கதை.

ஆக, "பழசு மாதிரி வருமா" என்கிற அந்தப் பெருமூச்சுதான் வரைந்தவர்கள் சோற்றில் மண்ணைப் போட்டது. ஏங்குகிறவன் முதலாளிக்குக் கிடைத்த வரம். அவன் புதிதாக எதுவும் கேட்க மாட்டான். அவனுக்காக யாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டாம். டப்பாவைத் திறந்து ஓட்டினால் போதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு காசு கொடுப்பான்.

அமெரிக்கக்காரன் கதை நமக்கெதற்கு என்று தள்ள வேண்டாம். 2004இல் வந்த 'கில்லி'யை 2024 ஏப்ரலில் மறுபடி ரிலீஸ் செய்தபோது தியேட்டர்களில் என்ன ஆட்டம், என்ன விசில்! அதே மாதம் புதிதாக வந்த சின்னப் படம் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வாய் வராது.

ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். தியேட்டர் படத்துக்குக் கிடைத்த காசில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே கிடைக்கவில்லை. யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் வந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? உடம்பை அசையாமல் நிறுத்திவைத்து, தலையை மட்டும் புதிதாக வரைந்து மிச்சம் பிடிக்க. ஓடுகிறவன் பின்னால் அதே சன்னல், அதே நாற்காலி, மறுபடி அதே சன்னல். (நம் சீரியலில் மாமியார் திரும்பிப் பார்ப்பதை மூன்று தடவை காட்டுகிறார்களே, அதற்கும் இதுதான் பூர்வீகம்.)

நம்மிடம் இருந்ததை நாம் என்ன செய்தோம்?

பம்பாயில் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1956இல் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. 'பேம்பி'யில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னிக்காரர் வந்து பயிற்சி கொடுத்தார். 1957இல் 'தி பேனியன் டீர்' வந்தது. ஜாதகக் கதை, அஜந்தா ஓவியச் சாயல். அந்தப் பட்டறையில் பழகிய ராம் மோகன்தான் பின்னால் 1989இல் 'ராஜா சின்ன ரோஜா' பாட்டில் ரஜினியோடு கார்ட்டூன் விலங்குகளை ஆடவிட்டவர். அந்தப் பாட்டைப் பேக்கரியில் எல்லாரும் பாடுவார்கள். ராம் மோகன் யார் என்றால், கிரிக்கெட் பிளேயரா என்பார்கள். சென்னைப் பக்கம் 1947லேயே 'சினிமா கதம்பம்' என்றொரு கார்ட்டூன் செய்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஹோட்டல் மெனுவா என்று கேட்பார்கள்.

பார்க்க வழியே இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, அரசு ஒப்புதல் பெற்ற துண்டுப் படத்தை ஒவ்வொரு தியேட்டரும் ஓட்டியே தீர வேண்டியிருந்தது. வசூலில் 1 சதவீதம் வரை அதற்கு வாடகை. கீற்றுக்கொட்டகைக்கும் பால்கனி தியேட்டருக்கும் இதே சட்டம். வெள்ளம், வறட்சி, அணை திறப்பு என்று ஓடுகிற ரீல்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு கார்ட்டூன் எட்டிப் பார்க்கும். அப்போது நம் ஜனம் பீடி பற்றவைக்க வெளியே நின்றது. "நியூஸ் ரீலுதான ஓடுது, மொள்ளப் போலாம்" என்று தட்டுமுறுக்கு வாங்கிக்கொண்டிருந்தது.

பழி முழுக்க ஜனத்தின் மேல் இல்லை. பாவம், கட்டாயப்படுத்திக் காட்டினால் ரம்பையைக்கூட எவனும் பார்க்க மாட்டான். கார்ட்டூன் என்ற குதிரை கையில் கிடைத்ததும் சர்க்கார் அதன் முதுகில் குடும்பக் கட்டுப்பாட்டையும் சிறுசேமிப்பையும் ஒருமைப்பாட்டையும் மூட்டை மூட்டையாக ஏற்றியது. அங்கே முதலாளி காசுக்காகச் சிரிக்கவைத்தான். இங்கே சர்க்கார் புத்தி சொல்லித் தூங்கவைத்தது. பிறகு 2022இல், ஃபிலிம்ஸ் டிவிஷன், தேசியத் திரைப்படக் காப்பகம், 1955இல் தொடங்கிய குழந்தைகள் திரைப்படக் கழகம் எல்லாவற்றையும் அள்ளி என்.எஃப்.டி.சி. என்ற ஒரே கம்பெனிக்குள் திணித்தார்கள். ஃபிலிம்ஸ் டிவிஷன் கையிருப்பு மட்டும் 8,000 படத்துக்கு மேல். ஆவணப்படக்காரர்கள் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பேக்கரியில் அன்றைக்கு ஒரு டீகூட ஆறவில்லை.

அந்த ஏழு நிமிஷம் தியேட்டரில் இன்றும் பத்திரமாக இருக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டாம். அதில் இப்போது பட்டுப்புடவைக்கடை ஓடுகிறது, சைட் விற்கிறவர் ஓடுகிறார், பஞ்சைப் பிழிந்து தார் எடுக்கும் புகையிலை எதிர்ப்பு விளம்பரம் ஓடுகிறது, நகைக்கடை ஓடுகிறது. செய்கூலி இல்லை என்று நகைக்கடைக்காரர் கைகூப்பிச் சொல்வதை, எழுந்து போகாமல், வாய் திறந்து பார்க்கிறோம். செய்தவனுக்குக் கூலி இல்லை என்பதை இத்தனை பெருமையாக வேறு எங்கும் அறிவிப்பதில்லை.

ஏங்குவது எங்கள் ஊருக்குப் பழக்கமான தொழில். சின்னக் கோடம்பாக்கம் என்று பேர் வாங்கிய ஊர். பக்கத்து வெள்ளாங்கோயில்காரர் பாக்யராஜ் 1983இல் 'முந்தானை முடிச்சு' எடுத்த இடத்தைக் காட்ட வழியெங்கும் ஆள் உண்டு. கேமரா வந்தபோது வீட்டை வாடகைக்கு விட்டோம், வண்டிமாட்டைக் கொடுத்தோம், கூட்டத்தில் தலையைக் காட்டினோம். படம் வரையவும் வெட்டி ஒட்டவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஓர் இடம் வேண்டுமென்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார், 1935இல் சென்ட்ரல் ஸ்டூடியோ, 1945இல் பட்சிராஜா. கட்டின சீமைதான். இப்போது "அந்தக் காலத்துல" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிற சீமை.

இவர்களுடைய காதலைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டுமென்றால், சித்திரை மாதம் கல்யாண மண்டபத்தில் நடக்கும் பிறந்தநாளுக்குப் போக வேண்டும். டாம் வேஷம் கட்டிய ஆள் ஒருவர் வாசலில் நிற்பார். கம்பளி உடுப்பு, பஞ்சு வயிறு, வாய் ஓட்டை வழியாகத்தான் மூச்சு. பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கும், அப்பாக்கள் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுப்பார்கள். கேக் வெட்டி முடிந்ததும் ஆள் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூலிக்கு நிற்பார். "ரெண்டு மணி நேரந்தான நின்ன? பேசினதுல ஐநூறு கொறச்சுக்கோ." சற்று முன் கட்டிப்பிடித்த அதே அண்ணன்தான்.

இதெல்லாம் முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வார்னர் கம்பெனி, முடிந்து தயாராக இருந்த 'கொயோட்டி வெர்சஸ் ஆக்மி' படத்தை 2023 நவம்பரில் வரிக்கணக்குக்காகக் கிடப்பில் போடத் துணிந்தது. 1930 முதல் 1969 வரை எடுத்த லூனி ட்யூன்ஸ் படங்களை 2025 மார்ச்சில் தன் ஓடிடியிலிருந்து ஒட்டுமொத்தமாகத் தூக்கியது. அதற்கு முந்தைய மாதம், டாம் அண்ட் ஜெர்ரி டைட்டிலிலேயே மினுங்குகிற டெக்னிகலர் என்ற பேரைத் தாங்கிய கம்பெனி கவிழ்ந்து, பெங்களூரிலும் மும்பையிலும் சுமார் 3,000 பேரை நடுத்தெருவில் விட்டது. ரசிகன் என்ன செய்துவிடுவான்? ஸ்டேட்டஸ் வைப்பான். அழுகிற எமோஜி இரண்டு.

பனியன் யூனிட் அண்ணனின் பையன் ஒன்பதாவது படிக்கிறான். கணக்கு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சேவல் வரைந்திருக்கிறான். கட்டைவிரலால் நோட்டைப் புரட்டினால் சேவல் மதிலேறுகிறது, எட்டிப் பார்க்கிறது, குதித்து வாத்தியாரின் வழுக்கையில் உட்காருகிறது. குதிக்குமுன் அது உடம்பை ஒரு கணம் கீழே ஒடுக்குகிறது. அந்த ஒடுக்கம் இல்லாவிட்டால் குதியில் கனம் இருக்காது. ஹாலிவுட்டில் வருஷக்கணக்கில் பழகிக் கற்ற வித்தை. இவன் கொல்லைப்புறத்துச் சேவலைப் பார்த்தே பிடித்திருக்கிறான்.

அப்பா நோட்டைப் பிடுங்கிவிட்டார். பத்தாவது முடிந்ததும் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல், நீட் கோச்சிங், அட்வான்ஸ் கட்டியாயிற்று. "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமாங்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். கையிலிருந்த செல்போன் கவரில் ஜெர்ரி சிரித்துக்கொண்டிருந்தது.

கிடைக்காதுதானுங்கண்ணா. கிடைக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் நீங்களெல்லாம் இருக்கிறீர்களே. ஒரே ஓர் உபகாரம் செய்யுங்கள்: அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பையன் டாக்டராகி, நைட் டூட்டி பார்த்துக் கண் வீங்கி, உங்கள் வயதுக்கு வரும்போது, ஏங்குவதற்கு அவனுக்கும் ஏதாவது வேண்டியிருக்கும்.