பின்னாடி என்னத்தத் தேடுறே, தம்பி?

ஜுருவுக்கே மைவி கார் உன்கிட்ட மட்டுந்தான் இருக்கிற மாதிரி துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கே. நல்லது. ஆனா பின்பக்கம் குனிஞ்சு என்னத்தத் தேடுறே? டிஃபரன்ஷியலா? தேடு, தேடு. விடியறதுக்குள்ள கிடைச்சாலும் கிடைக்கும்.

அதெல்லாம் டட்சன் 120 ஒய் காலத்துச் சங்கதி. கியர்பாக்ஸ் முன்னால, டிஃபரன்ஷியல் பின் அச்சுல, நடுவுல ஒரு நீள ஷாஃப்ட். ஆயில் ரெண்டு இடத்துல. 1985-ல புரோட்டோன் சாகா வந்துச்சு. அதே வருஷம் பினாங்கு பாலத் திறப்பு விழா. மகாதீர் சாகாவ ஓட்டிக்கிட்டே பாலத்துல போனார். ஊரே கைதட்டுச்சு. டிஃபரன்ஷியல் முன்னால குடிபோயிருச்சுன்னு எவனும் கவனிக்கல, உங்கப்பனையும் சேர்த்துத்தான்.

ஆட்டோ சிட்டி பக்கம் வளைஞ்சு திரும்புறப்ப வெளிச் சக்கரத்துக்கு ஓட்டம் அதிகம், உள் சக்கரத்துக்குக் கம்மி. ரெண்டையும் இழுத்துக் கட்டினா டயர் தேயும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். உன் மைவி மாதிரி முன் சக்கரம் இழுக்குற வண்டில அது கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளயே இருக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே சட்டியில சாப்பிடுற வீடு. ஒரே ஆயில்தான்.

அதனால பட்டறை போமன் கியர் ஆயிலுக்கு ஒண்ணு, டிஃபரன்ஷியல் ஆயிலுக்கு ஒண்ணுன்னு பில் நீட்டினா, "ரெண்டாவத எங்க ஊத்தினே, காட்டு"ன்னு கேளு. சிரிச்சான்னா நல்ல மனுஷன். முறைச்சான்னா வேற பட்டறை பாரு.

ஆனா ரொம்பவும் குதிக்காதே. பழைய டொயோட்டா ஆட்டோ கியர் வண்டி சிலதுல ஒரே கூட்டுக்குள்ள டிஃபரன்ஷியலுக்குன்னு தனி ஆயில் உண்டு. புஸ்தகத்தப் பாரு. எங்க இருக்குன்னா கேக்குறே? டேஷ்போர்டு பெட்டிலதான், பிளாஸ்டிக் கூடப் பிரிக்காம.

உன் மைவி 2021 கடைசில வந்த சிவிடி வண்டின்னா அதுக்குன்னே ஆயில் இருக்கு. சாதா ஆட்டோ ஆயில் அஞ்சு வெள்ளி மலிவுன்னு ஊத்தினே, அப்புறம் கியர்பாக்ஸ் விலையக் கேட்டு மயக்கம் போட்டு விழாதே. மேனுவல்ல ஜிஎல்-4 கேட்டா ஜிஎல்-4 தான். நம்பர் பெருசா இருந்தா நல்லதுன்னு ஜிஎல்-5 ஊத்துறவன் இருக்கான். சில வண்டில சிங்க்ரோ வளையத்தோட பித்தளைய அது தின்னுரும்.

மேனுவல்ல அடி நட்டைக் கழட்டுறதுக்கு முந்தி, ஊத்துற நட்டு கழலுதான்னு பாரு. ஆயில் மொத்தமும் கொட்டின பிறகு மேல் நட்டு துருப்பிடிச்சு அடம்பிடிச்சா, அன்னைக்கு நீ பஸ்ஸுக்குத்தான் நிக்கணும். காந்த நட்டுல சாம்பல் பசை ஒட்டியிருந்தா பயப்படாதே, அது தேய்மானம். பல்லு பல்லா துண்டு வந்தாத்தான் வயித்தக் கலக்கணும். வளைக்கிறப்ப "டக் டக்"னு கேட்டா அனேகமா ஷாஃப்ட் மூட்டுதான். ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் போயிருக்கும். பாவம் டிஃபரன்ஷியல் மேல பழி போடாதே.

சரி, தே தாரேக்கு நீயே காசு குடுத்துரு. போமன்கிட்ட அவ்ளோ மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன்ல, ரொட்டி சானாயும் ரெண்டு சொல்லு.