தேர்வாய் கண்டிகையின் மூன்று புள்ளிகள்: ஓர் அச்சியல் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பெயரின் வேரைத் தோண்டுவார்களே தவிர, அதை அச்சடித்துப் பார்ப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் எடுத்துக்கொண்ட பெயர் தேர்வாய் கண்டிகை. எட்டே எழுத்து. அதற்குள் ஓர் இரட்டைக்கொம்பு, ஒரு கால், ஒரு மேல்விலங்கு, ஓர் இணைக்கொம்பு, மூன்று புள்ளி. பிரிண்டரைச் சோதிக்க ஆர்டர் கொடுத்துச் செய்தாலும் இப்படி ஒரு பெயர் அமையாது.

2. களம்

கும்மிடிப்பூண்டி வட்டத்து இந்த ஊரில் சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. மிச்செலின் டயர் ஆலை இருக்கிறது. ஆகவே பயோடேட்டாவும் ஆதார் நகலும் ‘ஒரே நிமிஷத்துல’ வேண்டும் என்று நிற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நம்பி ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அக்கா புதுக் கணினி வாங்கிய அன்று நான் போய் நின்றேன். பிரிண்டர் மட்டும் பழையது.

3. துபாஷி இயல்

பிரிண்டருக்கு நம் பாஷை தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் துபாஷிக்கே டிரைவர் என்று பெயர். அக்காவின் பழைய சி.டி.யில் இருந்த துபாஷி 32 பிட் காலத்தவர். 2021இல் வந்த விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்; அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பெயர் ஒத்த இன்னொரு டிரைவரைப் போட்டதும் பக்கத்துக்கு ஒரு வரி கிறுக்கலாக நாற்பது தாள் வந்தது. கம்பெனி தளத்தில் மாடல் எண்ணைப் பார்த்துச் சரியான டிரைவரை இறக்குவதே இதற்கு மருந்து.

4. தேக்க இயல்

2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு அரை டி.எம்.சி. அக்காவின் பிரிண்ட் கியூவுக்குக் கொள்ளளவே கிடையாது. வரவில்லை என்று ஒவ்வொருவரும் மறுபடி அழுத்த, எல்லாம் உள்ளே தேங்கின. கியூவை நடத்தும் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, அதன் ஃபோல்டரில் கிடந்ததை அழித்து, திரும்ப ஓடவிட்டோம். மடை திறந்தது.

5. புள்ளி இயல்

முதல் தாளை வாங்கிய பையன் உற்றுப் பார்த்தான். “அக்கா, ஊர் பேர்ல புள்ளியே விழலையே?”

“டோனர் சேவ்ல இருக்கு தம்பி. படிக்க முடியுதுல்ல?”

தாளில் இருந்தது ‘தேரவாய கணடிகை’. இங்குதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. மெய்க்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று ஏடெழுதியோர் அதை விட்டுவிட்டனர் என்பர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றாகவே இருந்ததை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பிரித்துவைத்தார். அக்காவின் பிரிண்டர் ஏகாரக் கொம்பை ஏற்றது, புள்ளியை ஏற்கவில்லை. எனவே அது பழுதான இயந்திரம் அன்று. வீரமாமுனிவரை ஒப்புக்கொண்டு தொல்காப்பியரை மறுக்கும் தனிக் கட்சி என்பது என் துணிபு.

எதிர்ச்சான்றும் உண்டு. டோனரை மிச்சம்பிடிக்கும் ‘டோனர் சேவ்’ முறையை நீக்கியதும் மூன்று புள்ளியும் விழுந்தன. கூடவே நான்காவதும் விழுந்தது. பிரிண்டரின் டிரம்மில் கீறல். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 75 மி.மீ. நகரும்; கீறலும் அதே இடைவெளியில் கறுப்புப் புள்ளி வைக்கும். அது ககரத்தின் தலையில் உட்கார்ந்து ‘க்ண்டிகை’ ஆக்கியது. தொல்காப்பியருக்குச் செலுத்திய வட்டி போலும்.

பையனின் பழைய பயோடேட்டா பாமினி எழுத்துருவில் இருந்தது. புதுக் கணினியில் பாமினி இல்லை. பாமினியில் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி. ஆகவே ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாக, நடுவே மூன்று அரைப்புள்ளிகளோடு வந்தது. எழுத்தெல்லாம் மாறியும் எண்ணிக்கை மாறவில்லை!

6. முடிவு

எழுத்துருவை ஏற்றி, டிரம்மை மாற்றியபின் பெயர் ஒழுங்காக வந்தது. பிரிண்டரோடு வரும் சோதனைப் பக்கத்தில் வண்ணக் கட்டங்கள் பளபளக்கும். தமிழ் எழுத்து ஒன்றும் இராது. வாசகர் அதை நம்ப வேண்டாம். அடுத்த முறை ‘தேர்வாய் கண்டிகை’ என்று அடித்து ஒரு தாள் எடுங்கள். புள்ளியை எண்ணுங்கள். மூன்று இருந்தால் காசைக் கொடுங்கள்.