டேப்புக்குப் பொருத்தம் பார்த்த கதை

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் இருக்கும் என் மாமாவுக்கு டேப் என்பது சுருதிப் பெட்டி, அவ்வளவுதான். தோடியில் அவர் தைவதத்தைப் பிடித்து நிற்கும் நேரம் பார்த்து அது ரம்மி விளையாடக் கூப்பிட்டது. தயாரித்த கம்பெனியே உள்ளே வைத்து அனுப்பிய விளம்பரம், அழிக்கவும் வழியில்லை. “காசு கொடுத்தது நான், பூட்டுப் போடறது அவனாடா?” என்றார். பூட்லோடர் திறக்கும் டேப் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டேப்பை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்கிற சின்ன நிரல்தான் பூட்லோடர். கம்பெனியின் கையெழுத்து இல்லாத மென்பொருளை உள்ளே விடாது. அதைத் திறந்துவிட்டால் நமக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். நான் குறிவைத்தது லினேஜ் ஓஎஸ் என்கிற ஆண்ட்ராய்டு வடிவம். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற அதன் முன்னோடி கடையைக் கட்டியபோது அதன் ஆர்வலர்கள் கையிலெடுத்துத் தொடர்ந்தது. ரம்மி கிடையாது.

இதற்குப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கல்யாணத்துக்கு வரன் பார்த்துவிடலாம். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் என்று ஒரே பெயரில் மூன்று பேர் உலவுகிறார்கள். 2020இல் வந்தவருக்குள் எக்ஸினோஸ் 9611 சிப். 2022காரருக்கு ஸ்னாப்டிராகன் 720ஜி. 2024காரருக்கு எக்ஸினோஸ் 1280. முகம் மட்டும் அச்சு அசல் ஒன்று. ஒருவருக்கு எழுதிய ரோம், அதாவது மென்பொருள் பொதி, இன்னொருவருக்கு ஆகாது. ஆகவே பெயரை நம்பாமல் மாடல் நம்பர் பி610ஆ, பி615ஆ என்று நட்சத்திரம், பாதம் வரை விசாரிக்க வேண்டும். ஷியோமி வீட்டு சம்பிரதாயம் வேறு: மனு போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திரு என்பார்கள். கூகுளின் பிக்ஸல் டேப்லெட் நல்ல இடம், திறக்கத் தடையே சொல்ல மாட்டார்கள். 2023இல் வந்தது, இந்தியாவில் விற்கவே இல்லை.

லஸ் பக்கம் ஒரு ஷோரூமில் “பூட்லோடர் திறக்குமா?” என்று கேட்டேன். “கேமரா சூப்பரா இருக்கும் சார்” என்றான் பையன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அங்கே பழைய டேப் விற்கிற அண்ணன், “எந்த ரோம் போடப் போறீங்க?” என்று கேட்டார். கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. “பழசே எடுத்துக்குங்க. சாம்சங்கோட ஒன் யூஐ எட்டு வந்தப்புறம் பூட்லோடர் திறக்கற ஆப்ஷனையே தூக்கிட்டான்.”

2020காரர் ஒருவரை எடுத்துக் கொடுத்தார். கடையிலேயே சோதித்தேன். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் ‘நீங்கள் இப்போது டெவலப்பர்’ என்று வரும். இத்தனை சுலபமாகப் பட்டம் கொடுக்கும் சபா டிசம்பரில்கூட இல்லை. உள்ளே ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ பொத்தான் இருந்தது. உடனே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

திறப்பதற்கு முன் மாமாவிடம் பின்விளைவுகளைச் சொன்னேன். இருப்பதெல்லாம் அழியும். நாக்ஸ் என்று உள்ளே ஒரு ஃபியூஸ் எரியும். மறுபடி பூட்டினாலும் அது ஒட்டாது. பேங்க் ஆப் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

“பேங்குக்கு நடந்தே போறேன். டாக்டரும் அதைத்தான் சொல்றார்.”

இப்போது தோடி தடையில்லாமல் போகிறது. சில நாள், தடை இருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

செய்தி மாடிப்படி இறங்கி, கீழ் வீட்டு மாமி வந்தார். கையில் டல்லாஸ் பிள்ளை அனுப்பிய சாம்சங் டேப், அங்கத்திய செல்போன் கம்பெனி மூலம் வாங்கியது. அமெரிக்க சிம் மாடல்களில் பூட்லோடரைத் திறக்க விடமாட்டார்கள் மாமி என்று விளக்கினேன். மாடல் நம்பர், சிப், வருஷம் எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“டேப் கிடக்கட்டும். இவ்வளவு நுணுக்கமாப் பார்க்கிறியே, அவனுக்கும் நீயே ஒரு இடம் பாரேன். பூசம், இரண்டாம் பாதம்.”